‘அலாரம் இருக்கிறதே’ என்பது பதில் ஆகாது

ஷா ஆலம், கிள்ளான், பந்திங், ரவாங் வட்டாரத் தொழிற்சாலைகளில் கொதிகலன் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நீர் வற்றிக் கொதிகலன் வெடிப்பதெல்லாம் கரி எஞ்சின் ஓடிய தாத்தா காலத்துக் கதை. இன்றைய கொதிகலனில் நீர்மட்டம் இறங்கினால் அலாரம் அடிக்கும். இன்னும் இறங்கினால் பர்னர் தானாக அணைந்துவிடும். அதையும் மீறி விபத்து நடந்தால் பாய்லர்மேன் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். மேனேஜர்கள் நம்புகிறார்கள், முதலாளிகள் நம்புகிறார்கள், பாய்லர்மேன்களிலும் பலர் நம்புகிறார்கள். இது தவறான கருத்து. உயிரைப் பணயம் வைக்கும் தவறு.

அந்தக் கருத்தின் வலுவை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெயிலோ எரிவாயுவிலோ எரியும் நவீனக் கொதிகலனில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நீர்க்குறைவுத் தடுப்புகள் வைப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. ஒன்று பழுதானாலும் மற்றது தீயை அணைக்கும். மலேசியாவில் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் நீராவிக் கொதிகலனை இயக்க முடியாது. அதை இயக்குபவருக்கும் சான்று வேண்டும். மனிதத் தவறு என்ற வாதத்துக்கும் புள்ளிவிவரம் உண்டு. அமெரிக்காவின் கொதிகலன் ஆய்வாளர் தேசிய வாரியம் 1992 முதல் 2001 வரை பதிவு செய்த விபத்துகள் 23,338. அவற்றில் 83 சதவீதத்துக்கு மனிதரின் கவனப்பிசகோ அறியாமையோதான் காரணம் என்று அது சொன்னது. கண்ணாடிக் குழாய் ஒன்றை மட்டும் நம்பியிருந்த காலத்தைவிட இன்றைய நிலை எவ்வளவோ மேல். இதில் எதையும் மறுக்கத் தேவையில்லை. ‘ஆகவே கவலை இல்லை’ என்று இதிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது.

நீர் குறைந்தால் அப்படி என்னதான் ஆகிவிடும்? 10 பார் அழுத்தத்தில் ஓடும் கொதிகலனுக்குள் நீர் 184 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். உலைக்குழாயின் உட்புறம் சுவாலை 1,000 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் எஃகுத் தகட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. மறுபக்கத்து நீர் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் தகட்டின் சூடு நீரின் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். நீர்மட்டம் தகட்டுக்குக் கீழே இறங்கியதும் இந்த ஏற்பாடு முறிகிறது. நீராவியால் அவ்வளவு வெப்பத்தை வாங்க முடியாது. தகடு சிவக்கும். 550, 600 டிகிரியில் சாதாரண எஃகின் வலு பாதியாகிவிடும். நேற்றுவரை தகடு தாங்கிய அதே 10 பார் இப்போது அதைக் கிழிக்கப் போதும். பாதுகாப்பு வால்வு காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அழுத்தம் கூடினால்தான் அந்த வால்வு திறக்கும். இங்கே அழுத்தம் கூடவே இல்லை, தகடுதான் பலமிழந்திருக்கிறது. கிழிந்த கணத்தில், உள்ளே 10 டன் நீர் இருந்தால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு உடனே ஆவியாகும். திறந்தவெளி அழுத்தத்தில் அந்த ஆவி 2,500 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும். சுவரையும் கூரையையும் தள்ளிக்கொண்டுதான் அது இடம் பிடிக்கும்.

அதற்கு முன் எவ்வளவு நேரம் கிடைக்கும்? மணிக்கு 5 டன் நீராவி தரும் கொதிகலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பு 8 சதுர மீட்டர், வழக்கமான மட்டத்துக்கும் ஆபத்து மட்டத்துக்கும் இடையே 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், கையிருப்பு சுமார் 700 கிலோ நீர்தான். கொதிகலனுக்கு நீர் ஊட்டும் ஃபீட் பம்ப் நின்று, தீ முழு வேகத்தில் எரிந்தால் எட்டரை நிமிடத்தில் அது தீர்ந்துவிடும்.

பம்புக்கு நீர் வராமல் போவது அபூர்வம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவால் சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் குடிநீர்க் கணக்குகளுக்கு நீர் நின்றது. வீடுகளில் வாளி தேடிய அந்த நாட்களில் தொழிற்சாலைத் தொட்டிகளும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

இனி மறுப்புகள்.

முதலாவது: கருவி கொதிகலனைப் பார்ப்பதில்லை. கொதிகலனோடு இரண்டு குழாய்களால் இணைக்கப்பட்ட சிறிய அறைக்குள் என்ன மட்டம் இருக்கிறதோ அதைத்தான் மிதவை பார்க்கிறது. நீர்மட்டக் கண்ணாடியும் அப்படித்தான். கீழ்க்குழாயில் சேறு அடைத்துக்கொண்டால் கொதிகலனில் நீர் இறங்கினாலும் அந்த அறையில் இறங்காது. மிதவை நிம்மதியாக மேலேயே நிற்கும். கண்ணாடியில் பாதிக்கு நீர் தெரியும். அலாரம் ஒழுங்காக வேலை செய்கிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இரண்டும் சொல்வது பொய். மிதவைக்குப் பதில் மின்முனை வைத்துவிட்டோம் என்பதும் முழுப் பதில் இல்லை. மின்முனையைத் தாங்கும் காப்பின் மேல் மின்சாரம் கடத்தும் அழுக்கு படிந்தால், நீர் இல்லாதபோதும் நீர் இருக்கிறது என்றே அது சொல்லும்.

இது கற்பனைப் பயம் அன்று. 1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கெட்டிஸ்பர்க் ரயில்வேயின் 1278-ஆம் எண் நீராவி எஞ்சின் சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டு போனது. கார்ட்னர்ஸ் என்ற ஊருக்கு அருகே அதன் உலைக் கூரைத் தகடு கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூவரும் கொதிநீராவியில் வெந்து காயமடைந்தார்கள். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, உலைக் கூரைக்கு மேல் நீர் இல்லாமல் போனதுதான் காரணம் என்று தெரிந்தது. நீர்மட்டம் காட்டும் கருவிகளின் வழிகளில் உப்புப் படிவு அடைத்திருந்தது. கருவி இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் இருந்தார்கள். அந்த எஞ்சின் வகையில் கூரைத் தகட்டைப் பிடித்திருந்த தாங்குகம்பிகளின் அமைப்பால் கிழிசல் முழுக்கப் பரவவில்லை. இல்லாவிட்டால் பின்னால் பெட்டிகளில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது: நீர்மட்டம் என்பதே சில நேரங்களில் ஏமாற்றும். செம்பனை ஆலை நடத்துபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்; ஆனால் அலாரத்தைப் பற்றிப் பேசும்போது மறந்துவிடுகிறார்கள். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் வணிக அளவிலான முதல் செம்பனை நடப்பட்டதிலிருந்து சிலாங்கூரின் தொழில் வரலாற்றில் செம்பனைக்குத் தனி இடம் உண்டு. பழக்குலைகளை ஏறக்குறைய 3 பார் நீராவியில் அவிப்பதில்தான் ஆலையின் வேலை தொடங்குகிறது. அவிகலத்தின் வால்வைத் திறந்ததும் நீராவி பாய்ந்து போகும். கொதிகலனில் அழுத்தம் சட்டென்று சரியும். உடனே நீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருத்து, நீர் உப்பி மேலே வரும். மட்டம் ஏறிவிட்டதாகக் கருவி காட்டும். தானியங்கி அதை நம்பி ஃபீட் நீரைக் குறைக்கும். உள்ளே நீரின் எடை வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் இது நடக்கிறது. பிறகு அவிகலம் நிரம்பி அழுத்தம் மீளும்போது குமிழிகள் சுருங்கி, மட்டம் ஒரேயடியாக விழும். நல்ல பாய்லர்மேன் எந்த அவிகலம் எப்போது திறக்கும் என்று தெரிந்து முன்கூட்டியே தயாராக இருப்பார். அந்த அறிவு எந்த மிதவையிலும் இல்லை.

மூன்றாவது: பர்னர் தானாக அணையும் என்கிறார்கள். எந்தப் பர்னர்? டீசலும் எரிவாயுவும் வால்வை மூடிய நொடியில் நிற்கும். செம்பனை நார், ஓடு, மரத்துண்டு எரியும் உலையில் அணைக்க ஒரு சுவாலை இல்லை; தணல் படுக்கை இருக்கிறது. எரிபொருள் ஊட்டும் எந்திரத்தையும் காற்றாடியையும் நிறுத்தினாலும் தணலும் சூடேறிய செங்கல் சுவரும் வெகுநேரம் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எரிபொருள் விலைக்குப் பயந்து எண்ணெயிலிருந்து செம்பனை ஓட்டுக்கும் மரத்துண்டுக்கும் மாறும் தொழிற்சாலைகள், எண்ணெய்க் கொதிகலனுக்கு உரிய நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருகின்றன. அந்த நம்பிக்கை இங்கே செல்லாது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்பீல்டில் ஹாப்கின்சன் நிறுவனம் செய்த பாதுகாப்பு வால்வில், நீர் இறங்கினால் உள்ளே இருக்கும் மிதவை தானே வால்வைத் திறந்து நீராவியை வெளியே விடும். அணைக்க முடியாத கரித் தீக்காக யோசித்துச் செய்த அமைப்பு அது; எச்சரிக்கையும் கொடுத்தது, அழுத்தத்தையும் இறக்கியது. தணல் எரியும் உலைக்கு அந்த அளவு யோசனையாவது வேண்டும். அலாரம் அடிக்கும் மட்டத்தை உயர்த்தி வைக்கலாம். மின்சாரம் போனாலும் ஓடும் இரண்டாவது ஃபீட் பம்ப் வைக்கலாம். தணலை வெளியே இழுக்க ஆளும் வழியும் வைக்கலாம். இவை எதுவும் இல்லாமல் ‘ஆட்டோ கட்’ என்று மட்டும் சொல்வது தொழிலாளரிடம் சொல்லும் பொய்.

நான்காவது: கடைசிக் காவலாக உருகும் செருகி இருக்கிறதே என்பார்கள். நீர் மூடியிருக்கும் வரை கெட்டியாக இருந்து, நீர் விலகியதும் உருகி, நீராவியைத் தீயின் மேலேயே பாய்ச்சும் செருகி. 1803 செப்டம்பரில் லண்டனுக்கு அருகே கிரீனிச்சில் தன் கொதிகலன் வெடித்து 4 பேர் இறந்த பிறகு பொறியாளர் ரிச்சர்ட் டிரெவிதிக் கொண்டுவந்த ஈயச் செருகியிலிருந்து வரும் யோசனை அது. நல்ல யோசனைதான். ஆனால் 1910-களில் அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் பழைய வெள்ளீயச் செருகிகளை எடுத்துச் சோதித்தது. சுத்தமான வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். துத்தநாகம் போன்ற கலப்பு இருந்தால், நாளாக ஆக வெள்ளீயம் ஆக்சைடாக மாறிவிடுகிறது. அது 1,600 டிகிரியிலும் உருகாது. வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2001 ஜூலை 29 அன்று ஒஹாயோ மாநிலத்தின் மெடினாவில் கண்காட்சிக்கு வந்த ஒரு பழைய நீராவி டிராக்டர் வெடித்து 5 பேர் இறந்தார்கள். அங்கேயும் நீர் குறைந்திருந்தது. உலைக்கு மேலிருந்த தகடும் தேய்ந்து மெலிந்திருந்தது.

ஐந்தாவது: சான்றிதழ். 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை இயந்திரச் சட்டத்தின் கீழ் வழக்கமாக 15 மாதத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் நீங்கி, கொதிகலன்களும் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆய்வு அவசியம், அதில் இரண்டு கருத்து இல்லை. சிலாங்கூரில் 1892-இலேயே கொதிகலன் சட்டம் வந்தது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கி அப்போது 6 ஆண்டுதான். வெள்ளீயச் சுரங்கமும் ரயிலும் நீராவியால் ஓடிய அந்தக் காலத்து நிர்வாகத்துக்கே, கொதிகலனை முதலாளியின் பொறுப்பில் மட்டும் விட முடியாது என்று தெரிந்திருந்தது. ஆனால் முழு ஆய்வு என்பது கொதிகலனைக் குளிரவைத்து, நீர் வடித்து, மூடி திறந்து செய்வது. தகடு மெலிந்திருக்கிறதா, குழாய் அரித்திருக்கிறதா என்று அதில் தெரியும். ஆய்வு முடிந்த மூன்றாம் வாரமே மிதவை அறையில் சேறு சேரலாம். அலாரத்தின் ஆரோக்கியத்துக்கு 15 மாதம் அளவே இல்லை. அதன் அளவு ஒரு ஷிப்ட்.

அதனால்தான் அறிந்தவர்கள் தினமும் மிதவை அறையையும் கண்ணாடியையும் வடித்து, அலாரம் அடிக்கிறதா, தீ அணைகிறதா என்று கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள். இன்னும் நம்பகமான சோதனையும் உண்டு. ஃபீட் பம்பை நிறுத்தி, ஆள் பக்கத்திலேயே நிற்க, கொதிகலனின் நீரையே மெல்ல இறங்கவிட்டு, சரியான மட்டத்தில் தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அறையை மட்டும் வடித்துப் பார்த்தால் மிதவை விழுகிறதா என்றுதான் தெரியும். கொதிகலனின் மட்டத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பது இந்தச் சோதனையில்தான் தெரியும். வெந்நீர் வீணாகிறது, உற்பத்தி தடைபடுகிறது என்று இதைக் கைவிடச் சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வீணாவது சில வாளி வெந்நீர். செலவாவது சில நிமிடம்.

ஆறாவது மறுப்புதான் முக்கியமானது. ‘வெடித்தால் பாய்லர்மேன்தான் காரணம்’ என்ற வாக்கியம் கருவியைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் அது பழியைப் பற்றியது. டிரெவிதிக்கே அப்படித்தான் ஆரம்பித்தார். கிரீனிச் வெடிப்புக்கு அவர் சொன்ன காரணம், எஞ்சினைக் கவனிக்க வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான், வேறொரு கூலியாள் எஞ்சினைத் தவறாக நிறுத்திவிட்டார் என்பது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பையன்கள் மீன் பிடிக்கப் போகத்தான் செய்வார்கள் என்று ஏற்றுக்கொண்டு, இரண்டாவது பாதுகாப்பு வால்வும் ஈயச் செருகியும் சேர்த்தார். இன்றைய ‘மனிதத் தவறு’ வாதக்காரர்கள் அவர் வாக்குமூலத்தின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க வாரியத்தின் 83 சதவீதத்தையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அந்தக் கணக்கில் இயக்குபவரின் பிழை மட்டும் இல்லை. நீர் குறைந்துபோன நிலை, தவறாகப் பொருத்தியது, தவறாகப் பழுது பார்த்தது, பராமரிக்காமல் விட்டது எல்லாமே அதற்குள் இருக்கின்றன. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது பாய்லர்மேனா? பழுது பார்க்க யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வது அவரா? மனிதத் தவறு என்றால் எந்த மனிதரின் தவறு என்ற கேள்வியைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இந்தப் பழி, பார்வைக்குத் தெரியாத ஒரு சேதத்தையும் செய்கிறது. நீரில் நுரை கட்டினால் அலாரம் வீணாக அடிக்கும். அடிக்கடி அடித்தால், ‘ஏன் மிஷின் நின்றது?’ என்று உற்பத்திப் பிரிவு பாய்லர்மேனைத்தான் திட்டும். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை திட்டு வாங்கியவர் முனைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஒயரைப் போட்டு அலாரத்தை ஊமையாக்கிவிடுவார். நுரை ஏன் கட்டுகிறது, ஃபீட் நீரில் எண்ணெய் கலக்கிறதா, அழுக்கு நீரை வடிக்கும் புளோடவுன் போதவில்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். உலகெங்கும் கொதிகலன் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. ஒயரைப் போட்ட கை பாய்லர்மேனுடையது. அதைப் போட வைத்தவர் வேறு.

பழி, உண்மையை மறைக்கவும் கற்றுக்கொடுக்கும். ஆங்கிலேய ரயில்வே மரபில் எஞ்சினின் செருகி உருகுவது பெரிய அவமானம், தண்டனை நிச்சயம். நீர் கண்ணாடியை விட்டு மறைந்ததும் தீயைக் கொட்டி எஞ்சினை நிறுத்தாமல், எப்படியாவது நீரை ஏற்றிவிடலாம் என்று ஆட்கள் பார்த்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். மட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாத சூடேறிய கொதிகலனுக்குள் நீரைத் தள்ளக் கூடாது என்பது அடிப்படை விதி. தண்டனைக்குப் பயந்தவர் அந்த விதியைத்தான் முதலில் மீறுவார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸிலும் செந்தூல் பட்டறையைச் சுற்றியும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் நீராவியோடு உழைத்தவர்கள் பலர். ‘தாத்தா காலம்’ என்று ஒதுக்கப்படும் அந்தக் காலத்தில், ஷிப்ட் தொடங்கும்போது கண்ணாடியை வடித்துப் பார்ப்பது எஞ்சின் ஆட்களின் முதல் வேலையாக இருந்தது. அந்த மனிதர்களின் பழக்கத்தைக் கைவிட்டுவிட்டு அவர்கள் காலத்தை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

இன்று பல இடங்களில் பாய்லர்மேன் கொதிகலன் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை. நீர் மென்மையாக்கும் தொட்டி, எரிபொருள் லாரி, சாம்பல் அள்ளுதல், சில நேரம் கம்பிரசர் என்று எல்லாம் அவர் தலையில். தானியங்கி வந்ததால் ஆள் தேவையில்லை என்று முதலில் ஆளைக் குறைத்தார்கள். ஆள் பக்கத்தில் இல்லாததால் விபத்து என்று பிறகு அவரையே குற்றம் சாட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. தானியங்கி போதுமென்றால் பழியைத் தானியங்கி வாங்கிவைத்தவர் ஏற்கட்டும். போதாதென்றால் பாய்லர்மேனைக் கொதிகலன் பக்கத்திலேயே இருக்க விடட்டும்.

சட்டம் இப்போது தொழிலாளர் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024-இல் நடப்புக்கு வந்த திருத்தம், பாதுகாப்புக் கடமை தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் தொழிலாளருக்குக் கொடுத்தது. இந்த உரிமை கொதிகலன் அறை வரைக்கும் வர வேண்டும். விடியற்காலை 3 மணிக்குக் கண்ணாடியில் நீர் தெரியவில்லை என்று தீயை நிறுத்தி, ஒரு நேரத்து உற்பத்தியை இழக்க வைத்த பாய்லர்மேனுக்கு மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் போகிறதா, நன்றி சொல்லி ஆள் வருகிறதா? ஆய்வுக்கு வரும் அதிகாரி தகட்டின் தடிமனை அளப்பதோடு இதையும் கேட்க வேண்டும். பதிவேட்டைத் திறந்து, கடந்த மாதம் அலாரம் எத்தனை முறை தானாக அடித்தது, ஒவ்வொரு முறையும் காரணம் என்ன, எந்த நாளில் யார் சோதித்தார் என்று கையெழுத்தோடு காட்டச் சொல்ல வேண்டும். நீர்க்குறைவு அலாரம் கொதிகலன் அறையில் மட்டும் அடிக்காமல் ஷிப்ட் மேலாளரின் அறையிலும் அடிக்க வேண்டும். அதை அங்கிருந்து அமர்த்த முடியாதபடி வைக்க வேண்டும்.